கேன்சர் ஆராய்ச்சிக்கு குடுக்குற ஷோபெர்க் பரிசு: எதுக்கு குடுக்குறாங்க, நமக்கு அதுல என்ன இருக்கு

வருஷா வருஷம் பிப்ரவரி வாக்குல ஸ்டாக்ஹோம்லேர்ந்து ஒரு அறிவிப்பு வரும், கேன்சர் ஆராய்ச்சில இந்த வருஷம் இன்னாருக்கு ஷோபெர்க் பரிசுன்னு. நோபல் மாதிரி டிவில ஓடாது, பேப்பர்ல வந்தா உள்பக்கத்துல நாலு வரி, அவ்ளோதான். ஆனா இந்த மாதிரி பரிசு செய்தி எதுவா இருந்தாலும் நம்ம தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்து வாட்சப் குரூப்புக்கு வந்து சேரும்போது "கேன்சருக்கு மருந்து கண்டுபுடிச்சாச்சு, பரிசும் குடுத்தாச்சு, பத்து பேருக்கு அனுப்புங்க"ன்னு மாறிடுது. வீட்ல பேஷண்ட் இருக்குறவங்க அத படிச்சிட்டு ராத்திரி பூரா தூங்காம, காலைல ஸ்டேன்லி ஓபி வரிசைல நின்னுக்கினு டாக்டர்கிட்ட அந்த போனை நீட்டுறாங்க. அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். பத்தாவதுக்கு மேல சயின்ஸ் படிக்காதவங்களுக்கும் புரியுற மாதிரி சொல்லணும்னு ஆசை.

முதல்ல யாரு குடுக்குறாங்கன்னு பாத்துருவோம். பெங்ட் ஷோபெர்க்னு ஒரு ஸ்வீடன்காரர், அந்த நாட்டு மேற்குக் கரையில லீசெகில்னு ஒரு கடலோர ஊர்க்காரர், பிசினஸ் பண்ணி சம்பாதிச்சவர். 2016ல 200 கோடி குரோனர், அதாவது அவங்க ஊர் காசுல, கேன்சர், ஆரோக்கியம், சுற்றுச்சூழல் ஆராய்ச்சிக்காக எழுதி வெச்சிட்டாரு. கடைசில அவரும் கேன்சர்லதான் இறந்தார். அதுக்குன்னு ஆரம்பிச்ச பவுண்டேஷன்தான் பரிசுக் காசு குடுக்குது, ஆனா யாருக்கு பரிசுன்னு முடிவு பண்றது ராயல் ஸ்வீடிஷ் அகாடமி ஆப் சயின்சஸ், பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி நோபல் யாருக்குன்னு முடிவு பண்ற அதே அகாடமி. முதல் பரிசு 2017ல. மொத்தம் 10 லட்சம் டாலர். இதுல எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் என்னன்னா அந்தக் காசுல 1 லட்சம் டாலர்தான் விஞ்ஞானி வீட்டுக்கு எடுத்துக்கினு போறது, மீதி 9 லட்சம் டாலர் அவங்க அடுத்து பண்ணப்போற ஆராய்ச்சிக்குன்னு ஒதுக்கிக் குடுக்குறாங்க. பரிசு வாங்கினதோட வேலை முடியல, லேபுக்குத் திரும்பிப் போங்கன்னு சொல்ற ஏற்பாடு.

கேன்சர் ஆராய்ச்சிக்குன்னே இருக்குற பரிசு இது ஒண்ணு மட்டும் இல்ல, அமெரிக்காவுல சென்ட்-ஜியார்ஜி பரிசுன்னு ஒண்ணு 2006லேர்ந்து குடுக்குறாங்க, லாஸ்கர், கெய்ர்ட்னர் மாதிரி பொதுவான மெடிக்கல் பரிசுங்களும் இருக்கு. ஒண்ணை புரிஞ்சுக்கினா மத்ததும் புரிஞ்சிடும்.

எல்லாரும் கேக்குற கேள்வி, ஏன் இருவது முப்பது வருஷத்துக்கு முன்னாடி பண்ண வேலைக்கு இப்போ பரிசு குடுக்குறாங்க? காரணம் இருக்கு. 1926ம் வருஷத்து மெடிசின் நோபல் டென்மார்க்கைச் சேர்ந்த யோஹன்னஸ் ஃபிபிகருக்கு போச்சு. எலி வயித்துல ஒரு வகை புழு போய்தான் கேன்சர் வருதுன்னு அவர் சொன்னாரு, கமிட்டியும் ஒத்துக்கிச்சு. பின்னாடி மத்தவங்க செஞ்சு பாத்தப்போ அது புழுவால இல்ல, அந்த எலிங்களுக்கு விட்டமின் ஏ சத்து இல்லாத தீனி போட்டதுல வந்த பாதிப்புன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் 1966 வரைக்கும், நாப்பது வருஷம், கேன்சர் ஆராய்ச்சிக்கு மெடிசின் நோபல் குடுக்கவே இல்ல. அதே 1966ல யாருக்கு குடுத்தாங்கன்னு பாத்தா பேட்டன் ரவுஸ், அவர் அந்தக் கண்டுபுடிப்ப வெளியிட்டது 1911ல, பரிசு வாங்கும்போது வயசு 87. அவசரப்பட்டா ஒரு தப்பு, ரொம்ப காத்திருந்தா இன்னொரு தப்பு, இன்னிக்கு இருக்குற கமிட்டிங்க இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கப் பாக்குறாங்க, ஒரு கண்டுபுடிப்ப வேற வேற லேப்ல வேற வேற ஆளுங்க செஞ்சு பாத்து சரியா வருதான்னு பாத்தப்புறம்தான் கை வெக்கிறாங்க.

ரவுஸ் பண்ணது என்ன? ஒரு கோழிக்கு கட்டி வந்திருந்துது. அந்தக் கட்டிய அரைச்சு, செல் எதுவும் தாண்டி வர முடியாத அளவு பொடி ஓட்டை இருக்குற பில்டர்ல வடிகட்டி, அந்த சாற மட்டும் வேற கோழிக்கு ஊசி போட்டாரு. அந்தக் கோழிக்கும் கட்டி வந்துச்சு. அப்போ செல்லே இல்லாம எதுவோ ஒண்ணு கேன்சர கொண்டு போகுது, அது வைரஸ். கோழிக்கு வர்றதப் பத்தி நமக்கென்னன்னு அப்போ நெறைய பேர் விட்டுட்டாங்க. ஆனா இந்தக் கோழிக் கட்டிலேர்ந்துதான் ஒரு நூலப் புடிச்சுக்கினு நேரா நம்ம ஏரியா மெடிக்கல் ஷாப்ல விக்கிற ஒரு மாத்திரை வரைக்கும் வர முடியும், நான் இன்னிக்கு முக்கியமா சொல்ல வந்ததே அதான்.

அந்த வைரஸ்ல சார்க்னு ஒரு ஜீன் இருக்கு, கோழிக்கு கட்டி வர அதுதான் காரணம்னு 1970கள்ல தெரிஞ்சுது. அந்த ஜீன் செய்ற புரோட்டீன் ஒரு கைனேஸ். கைனேஸ்னா, செல்லுக்குள்ள இருக்குற வேற புரோட்டீன் மேல பாஸ்பேட்னு ஒரு சின்ன துண்ட ஒட்டிவிடுற வேலைக்காரன். ஒட்டுனா அந்தப் புரோட்டீன் வேலைய ஆரம்பிக்கும், எடுத்துட்டா நிறுத்தும். செல் வளரணும், ரெண்டா பிரியணும்னு உத்தரவு போறது பெரும்பாலும் இப்படித்தான். வீட்ல கீழ சம்ப்புலேர்ந்து மாடி டேங்குக்கு மோட்டர் போடுறோம்ல, ரொம்புனதும் ஆஃப் பண்ணணும், ஸ்விட்ச் ஆன்லயே மாட்டிக்கிச்சுன்னா டேங்க் ரொம்பி வழிஞ்சு தெருவெல்லாம் தண்ணி. கைனேஸ் ஆன்லயே மாட்டிக்கிச்சுன்னா செல் பெருகிக்கினே இருக்கும். கேன்சர் எல்லாத்துக்கும் இது ஒண்ணுதான் காரணம்னு எடுத்துக்காதீங்க, ஆனா ரொம்ப முக்கியமான ஒரு காரணம்.

இப்போ 2017க்கு வருவோம். முதல் ஷோபெர்க் பரிச ரெண்டு பேருக்கு பிரிச்சுக் குடுத்தாங்க. ஒருத்தர் ஜேம்ஸ் அலிசன், நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தில டி செல்னு ஒரு வகை வெள்ளை அணு இருக்கு, அதுக்கு ஒரு பிரேக் இருக்கு, அந்த பிரேக்க எடுத்துவிட்டா அதுவே கேன்சர தாக்கும்னு காட்டினவர், அடுத்த வருஷமே 2018ல நோபலும் வாங்கிட்டாரு, அதனால அவரப் பத்தி நெறைய பேர் எழுதியாச்சு. இன்னொருத்தர் டோனி ஹண்டர், கலிபோர்னியாவுல சால்க் இன்ஸ்டிட்யூட். நான் இவரப் பத்தி கொஞ்சம் நின்னு சொல்றேன்.

1979 வரைக்கும் கைனேஸ் பாஸ்பேட்ட ஒட்டுறது புரோட்டீன்ல ரெண்டே ரெண்டு அமினோ அமிலத்து (புரோட்டீன கட்டுற செங்கல் மாதிரி) மேலதான்னு எல்லாரும் நம்பிக்கினு இருந்தாங்க, செரின், த்ரியோனின். ஹண்டர் என்ன பண்ணாருன்னா, எது மேல ஒட்டியிருக்குன்னு கண்டுபுடிக்க, புரோட்டீன உடைச்சு ஒரு மெல்லிசான பிளேட்ல சொட்டு வெச்சு, அமிலத் தண்ணில நனைச்சு கரண்ட் பாய்ச்சுவாரு, ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு தூரம் நகரும். அந்த அமிலத் தண்ணியோட பிஎச், அதாவது எவ்ளோ அமிலம்ங்கிற அளவு, 1.9 இருக்கணும். அவரு அத புதுசா கலக்காம பழசையே திரும்பத் திரும்ப யூஸ் பண்ணதுல பிஎச் 1.7க்கு இறங்கிடுச்சு. அந்த சின்ன வித்தியாசத்துல, அதுவரைக்கும் த்ரியோனினோட ஒட்டிக்கினு ஒரே புள்ளியா தெரிஞ்சது தனியா பிரிஞ்சு புதுசா ஒரு புள்ளி தெரிஞ்சுது. அது டைரோசின், மூணாவதா ஒரு அமினோ அமிலம். சார்க் பாஸ்பேட்ட ஒட்டுறது டைரோசின் மேல! பிளேட்ல எதிர்பாக்காத ஒரு புள்ளிய பாத்து, கறைன்னு தூக்கிப் போடாம இது என்னன்னு விடாம துரத்தினாரு பாருங்க, அதுக்குத்தான் 38 வருஷம் கழிச்சு அந்தப் பரிசு. இப்போ மனுஷ உடம்புல சுமார் 90 டைரோசின் கைனேஸ் இருக்குன்னு கணக்கு, அதுல பல பேர் பல கேன்சர்ல குற்றவாளிங்க.

இந்தப் பக்கம் வேற ஒரு நூல் தனியா வந்துக்கினு இருந்துச்சு. சிஎம்எல்னு ஒரு ரத்தப் புற்றுநோய். மெதுவா வரும், பல பேருக்கு வேற எதுக்கோ ரத்த டெஸ்ட் எடுக்கும்போதுதான் தெரியும், வெள்ளை அணு ஆயிரக்கணக்குல இருக்க வேண்டியது லட்சத்துக்கு மேல நிக்கும், இடது பக்கம் விலாவுக்குக் கீழ மண்ணீரல் வீங்கி ரெண்டு வாய் சாப்ட்டாலே வயிறு ரொம்புன மாதிரி இருக்கும். 1960ல பிலடெல்பியாவுல பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டுன்னு ரெண்டு பேர், இந்த நோயாளிங்களோட செல்லுல ஒரு குரோமோசோம் (ஜீனெல்லாம் வரிசையா இருக்குற இழை) மட்டும் குட்டையா இருக்குன்னு பாத்தாங்க. ஏன் குட்டை, மீதி எங்க போச்சு? அதுக்கு பதில் சொன்னது ஜேனட் ரவ்லி, சிகாகோ, 1973. அந்தம்மா குரோமோசோம் போட்டோவ வீட்டுக்கு எடுத்துக்கினு வந்து டைனிங் டேபிள் மேல வெச்சு கத்திரிக்கோலால ஒண்ணொண்ணா வெட்டி ஜோடி சேத்துப் பாப்பாங்களாம், அவங்க பசங்க அம்மா காகித பொம்மை வெச்சு விளையாடுதுன்னு கேலி பண்ணுமாம். அப்படி வெச்சுப் பாத்துதான் 22ம் நம்பர் குரோமோசோம்ல காணாமப்போன துண்டு 9ம் நம்பர்ல ஒட்டியிருக்கு, 9ல இருந்து ஒரு துண்டு இங்க வந்திருக்கு, ரெண்டும் இடம் மாறிக்கிச்சுன்னு கண்டுபுடிச்சாங்க. பிள்ளைங்கள வளத்துக்கினே ரொம்ப வருஷம் பார்ட் டைமா வேல பாத்தவங்க அவங்க. இத படிக்கிற பொண்ணுங்க அந்தப் பேர ஞாபகம் வெச்சுக்கணும்.

துண்டு இடம் மாறுனதுல ரெண்டு ஜீன் பாதி பாதியா ஒட்டி பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL)னு ஒரு புது ஜீன் ஆயிடுது. இதுல ஏபிஎல் ஒரு டைரோசின் கைனேஸ். ஆன்லயே மாட்டிக்கின கைனேஸ். ரெண்டு நூலும் இங்கதான் முடிச்சு விழுது.

அந்த ஒரு கைனேஸ மட்டும் அடக்கணும்னு சுவிட்சர்லாந்து மருந்து கம்பெனில நிக்கோலஸ் லைடன் ஆளுங்க மூலக்கூறுங்க செஞ்சாங்க, அமெரிக்காவுல ஓரிகான்ல பிரையன் ட்ரூக்கர் அத சிஎம்எல் செல் மேல போட்டுப் பாத்தாரு. கெட்ட செல் செத்துச்சு, நல்ல செல் பெருசா பாதிக்கல. கைனேஸ் பாஸ்பேட் எடுக்குறதுக்கு ஏடிபின்னு ஒண்ணு வந்து உக்கார்ற குழி இருக்கும், அந்தக் குழில இந்த மருந்து முன்னாடியே போய் உக்காந்துக்கும், அவ்ளோதான் வேலை. கம்பெனிக்கு அப்போ பெரிய ஆர்வம் இல்ல, ரொம்ப கம்மி பேருக்கு வர்ற நோய், லாபம் வராதுன்னு கணக்கு. ட்ரூக்கர் விடாம கேட்டுக்கினே இருந்தாரு. 1998ல மனுஷங்களுக்கு குடுத்துப் பாக்க ஆரம்பிச்சாங்க. 2001ல வந்த ரிசல்ட், 300 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் சாப்ட்ட 54 பேர்ல 53 பேருக்கு ரத்த அணு எண்ணிக்கை நார்மலுக்கு வந்துடுச்சு. அதே 2001 மே மாசம் அமெரிக்காவுல அனுமதி. அந்த மருந்துதான் இமாட்டினிப். ட்ரூக்கருக்கு 2019ல ஷோபெர்க் பரிசு குடுத்தது இதுக்குத்தான்.

கோழிக் கட்டி 1911, மாத்திரை 2001. தொண்ணூறு வருஷம். நடுவுல ஒருத்தருக்கும் இது இங்க போய் முடியும்னு தெரியாது.

இந்த மாத்திரை கதைல அடுத்த பாதி நடந்தது நம்ம சென்னைல, அத யாரும் சொல்றதில்லன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம். அந்த சுவிட்சர்லாந்து கம்பெனி நோவார்டிஸ், இந்த மருந்தோட ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு இந்தியாவுல பேட்டண்ட், அதாவது வேற யாரும் அத செஞ்சு விக்கக் கூடாதுங்கிற உரிமை, கேட்டு அப்ளிகேஷன் போட்டது சென்னை பேட்டண்ட் ஆபீஸ்ல. 2006 ஜனவரில ஆபீஸ் முடியாதுன்னு சொல்லிடுச்சு. மும்பைல இருக்குற கேன்சர் பேஷண்ட்ஸ் எய்ட் அசோசியேஷனும் அத எதிர்த்து மனு போட்டிருந்தாங்க. கம்பெனி விடல, இந்திய பேட்டண்ட் சட்டத்துல 3(டி) பிரிவே செல்லாதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கு போச்சு. 3(டி) என்ன சொல்லுதுன்னா, ஏற்கெனவே தெரிஞ்ச பொருளோட புது வடிவத்துக்கு, அது முன்னாடி இருந்தத விட நல்லா வேலை செய்யுதுன்னு காட்டினாதான் பேட்டண்ட். 2007 ஆகஸ்ட் 6ம் தேதி நம்ம பாரிமுனைல இருக்குற அதே சிவப்புக் கட்டடத்துல ஹைகோர்ட் அந்த வழக்க தள்ளுபடி பண்ணுச்சு. கடைசியா 2013 ஏப்ரல் 1ம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் பேட்டண்ட் கெடையாதுன்னு முடிச்சிடுச்சு. அப்போ கம்பெனி மருந்து மாசத்துக்கு சுமார் 1,20,000 ரூபா, இந்தியக் கம்பெனிங்க செஞ்சது 8,000லேர்ந்து 10,000 ரூபா. கம்பெனியும் ஒரு திட்டம் வெச்சு நெறைய பேருக்கு இலவசமா குடுத்துச்சு, அதையும் சொல்லணும். ஆனா இலவசம்ங்கிறது அவங்க மனசு வெச்சா குடுக்குறது, விலை கொறையுறதுங்கிறது கடைல போய் யாரா இருந்தாலும் கேட்டு வாங்குறது. ஹார்பர்ல லோடு தூக்குறவருக்கும், காசிமேட்டுல மீன் விக்கிற அம்மாவுக்கும் இந்த வித்தியாசம் பெருசு. பாரிமுனைல பஸ்ஸுக்கு நிக்கிறவங்க அந்தக் கட்டடத்த கொஞ்சம் நிமிந்து பாக்கலாம்.

2018 பரிசு பத்தியும் சொல்லியாகணும், ஏன்னா நம்ம பக்கம் இத வெச்சு பெரிய குழப்பம் வரலாம். சென் ஜூ, ஆன் டெஜான், ஹ்யூக் டி டே, ஒருத்தர் சீனா, ரெண்டு பேர் பிரான்ஸ். ஏபிஎல் (APL)னு ஒரு ரத்தப் புற்றுநோய், மேல சொன்ன ஏபிஎல் (ABL) ஜீன் வேற, இது வேற, சிஎம்எல் மாதிரி மெதுவா வராது, திடீர்னு வந்து உள்ளயே ரத்தம் கசிஞ்சு சில நாள்லயே உயிர் போற வகை. அதுக்கு விட்டமின் ஏ வகையச் சேந்த ஒரு மாத்திரையும் ஆர்சனிக்கும் சேத்து குடுத்தா, ரிஸ்க் கம்மியான பேஷண்ட்ஸ்ல 90 சதவீதத்துக்கு மேல குணமாகுறாங்க, வழக்கமான கீமோ கூட இல்லாம. ஆமா, ஆர்சனிக், பாஷாணம். சீனாவுல நாட்டு வைத்தியத்துல இருந்ததப் பாத்துதான் அங்க டாக்டருங்க சோதிக்க ஆரம்பிச்சாங்க. நம்ம வேலூர் சிஎம்சி டாக்டருங்களும் ஆர்சனிக் மட்டுமே குடுத்து நல்ல ரிசல்ட் வந்தத 2006ல வெளியிட்டாங்க. இத கேட்ட உடனே பாஷாணம் வாங்கி சாப்ட்டா கேன்சர் போயிடும்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு நம்பாதீங்க. ஆஸ்பத்திரில இது சுத்தம் பண்ண மருந்து, மில்லிகிராம் கணக்குல டிரிப்ஸ்ல ஏத்துறாங்க, கூடவே இசிஜி எடுத்து இதயத் துடிப்பு மாறுதான்னு பாக்குறாங்க, ரத்தத்துல பொட்டாசியம் மெக்னீசியம் அளவு பாக்குறாங்க. இந்த வகை கேன்சர்ல மட்டும் ஒட்டிப்போன ஒரு ஜீனோட புரோட்டீன் இருக்கு, ஆர்சனிக் அத உடைச்சுப் போடுது, அதனால வேலை செய்யுது. மார்புல வர்றதுக்கோ வாய்ல வர்றதுக்கோ அந்தப் புரோட்டீனே கெடையாது.

2022ல வாங்கினவர் பேரப் பாத்தா உங்களுக்கே சந்தோஷமா இருக்கும், அருள் சின்னையன், அமெரிக்காவுல மிச்சிகன் யுனிவர்சிட்டி. ரவ்லி அம்மா காட்டின மாதிரி ஜீன் ஒட்டிக்கிறது ரத்தப் புற்றுநோய்லதான் முக்கியம்னு நெனச்சுக்கினு இருந்தப்போ, புராஸ்டேட் கேன்சர்லயும் சுமார் பாதி பேருக்கு அப்படி ஒட்டின ஜீன் இருக்குன்னு 2005ல காட்டினாரு அவரோட டீம். 2023ல கெவன் ஷோகட், கேராஸ்னு ஒரு ஜீன், இதுக்கு மருந்தே செய்ய முடியாதுன்னு பல வருஷமா கைவிட்டது, அதோட ஒரு வகைல மருந்து போய் உக்கார ஒரு சின்ன குழி இருக்குன்னு 2013ல கண்டுபுடிச்சவர், 2021ல நுரையீரல் கேன்சருக்கு அந்த வழில முதல் மாத்திரை வந்துடுச்சு.

இப்போ போன்ல அடுத்த தடவ ஒரு பரிசு செய்தி வந்தா என்ன பாக்கணும்? பரிசு யாருக்குங்கிறத விட "எதற்காக"ன்னு ஒரு வரி கூடவே இருக்கும், அத தேடிப் படிங்க. அதுல எந்த கேன்சர், எந்த ஜீன், எந்த செல்னு குறிப்பா இருக்கும். பொத்தாம்பொதுவா "கேன்சருக்கு மருந்து"ன்னு எந்த கமிட்டியும் எழுதாது, ஏன்னா கேன்சர்ங்கிறது ஒரே நோய் இல்ல. ஓட்டோ வார்பர்க்னு ஒரு மெசேஜ் ரொம்ப வருஷமா சுத்துது, கேன்சருக்கு காரணம் உடம்புல அமிலம்னு கண்டுபுடிச்சு 1931ல நோபல் வாங்கினாரு, அதனால லெமன் தண்ணி குடிச்சா போதும்னு. அவர் 1931ல நோபல் வாங்கினது உண்மை. ஆனா அது செல் மூச்சு விடுறதுக்கு உதவுற ஒரு நொதி எப்படி வேலை செய்யுதுன்னு கண்டுபுடிச்சதுக்கு. எதற்காகங்கிற அந்த ஒரு வரிய படிச்சாலே மெசேஜ் பொய்னு தெரிஞ்சிடும். ஒரு ஆள் ஒரு விஷயத்துக்கு பரிசு வாங்கினா அவர் பேர்ல சொல்றதெல்லாம் உண்மைன்னு ஆகாது.

இன்னொண்ணு, இந்த வகைப் பரிசெல்லாம் கண்டுபுடிப்புக்கு. வார்டுல நின்னு வைத்தியம் பாக்குறவங்களுக்கு இல்ல. நம்ம அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ட 1954ல முத்துலட்சுமி ரெட்டி ஆரம்பிச்சாங்க, அங்கேயே வாழ்க்க பூரா இருந்த டாக்டர் சாந்தாவுக்கு 2005ல மகசேசே விருது கெடச்சுது, அது சேவைக்கு. தண்டையார்பேட்டைலேர்ந்து ரெண்டு பஸ் மாறி அடையாறு போற பேஷண்ட்டுக்கு ரெண்டு வகை ஆளுங்களும் வேணும்.

சிஎம்எல்லுக்கு மாத்திரை சாப்ட்டுக்கினு இருக்குறவங்க யாராவது இத படிச்சா அவங்களுக்கு ஒரு விஷயம். வழக்கமா தினம் 400 மில்லிகிராம், சாப்பாட்டோட ஒரு பெரிய டம்ளர் தண்ணி குடிச்சு போடுறது. அணு எண்ணிக்க நார்மல் ஆயிடுச்சு, உடம்பும் நல்லா இருக்கு, நிறுத்திடலாமான்னு பல பேருக்கு தோணும். நீங்களா நிறுத்தாதீங்க. பிசிஆர்-ஏபிஎல் டெஸ்ட்னு ஒண்ணு மூணு மாசத்துக்கு ஒரு தடவ எடுக்கச் சொல்வாங்க, ரிப்போர்ட்ல சதவீதமா வரும், அது எவ்ளோ கீழ போய் எத்தன வருஷம் கீழயே நிக்குதுங்கிறத வெச்சுத்தான் டாக்டர் முடிவு பண்ணுவாரு. சில வருஷம் ரொம்ப கீழயே நின்னவங்களுக்கு டாக்டர் கண்காணிப்புல நிறுத்திப் பாத்ததுல கிட்டத்தட்ட பாதி பேருக்கு நோய் திரும்பி வரல, மீதி பேருக்கு பெரும்பாலும் முதல் ஆறு மாசத்துக்குள்ளயே டெஸ்ட்ல தெரிஞ்சிடுது, திரும்ப மாத்திர ஆரம்பிச்சா அனேகமா எல்லாருக்கும் திரும்ப கட்டுப்படுது. அந்த ரிப்போர்ட்டுங்கள தூக்கிப் போடாம தேதி வாரியா ஒரு பைல்ல வெச்சு, ஒவ்வொரு தடவையும் கையோட எடுத்துக்கினு போங்க.